நிமிடத்துக்கு எழுபத்தெட்டுத் துடிப்பு

அந்தத் துடிப்பை நான் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில். திரையில் கறுப்பாக ஒரு குழி. அதன் ஓரத்தில் ஓர் அரிசி நீளத்துக்கு வெள்ளையாக ஒரு தீற்று. அதற்குள்ளே ஏதோ ஒன்று மினுக் மினுக்கென்று விட்டுவிட்டு மின்னியது.

“அதுதான் இதயம்” என்றார் டாக்டரம்மா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. திரையை நிறுத்தி, இரண்டு புள்ளி வைத்து, ஒரு கோடு இழுத்து அளந்தார். மறுபடி அளந்தார். மூன்றாவது தடவையும் அவர் அளந்தபோது என் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

நான் கணக்கு டீச்சர். கொல்லிமலையில் அரியூர் நாட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் வேலை; அந்த மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. எங்கள் ஊர் மலைக்குக் கீழே, காரவள்ளியிலிருந்து கொஞ்ச தூரத்தில். கணவர் மணி எங்கள் தோட்டத்தில் வாழையும் சின்ன வெங்காயமும் பார்க்கிறார். தினமும் காலையில் காரவள்ளியில் பஸ் ஏறி, எழுபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போய், சாயங்காலம் அதே எழுபதையும் இறங்கி வருவேன். ஆறு வருடமாக இதுதான் பழக்கம். வாந்தி வந்ததெல்லாம் முதல் மாதத்தோடு சரி.

இதற்கு முந்தைய வருடம் எனக்கு ஒரு கரு கலைந்தது. பத்தாவது வாரம். அப்போது ஸ்கேன் எதுவும் எடுத்திருக்கவில்லை, மூன்று மாதம் ஆகட்டும் என்று இருந்துவிட்டோம். ஒருநாள் சாயங்காலம் பஸ் இறங்கிக்கொண்டிருந்தபோது வயிற்றைப் பிடித்து இழுத்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் உடையெல்லாம் இரத்தம். வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள், பஸ். வளைவுக்கு வளைவு தூக்கிப் போட்டால் எது நிற்கும் என்றார்கள். என் மாமியார் பாவாயி அத்தை அதிகம் பேசுகிறவர் அல்ல. அவரும் அன்று ஒரு வார்த்தை சொன்னார்: “கொஞ்ச நாளைக்கு அந்த வேலைக்குப் போகாம இருந்திருக்கலாம் கண்ணு.”

அந்த ஒரு வார்த்தையை நான் ஒரு வருடம் சுமந்தேன். யாரோடும் சண்டை போடவில்லை, ஏனென்றால் நானும் அதை நம்பினேன்.

அதனால்தான் இந்த முறை நாள் தள்ளிப்போனதும் நாமக்கல்லில் ஒரு மருத்துவமனைக்குப் போய்விட்டோம். வெளியே நாற்காலிகள் நிறைய நிறைமாத வயிறுகள். என் வயிறு தட்டையாக இருந்தது. ஸ்கேன் அறை வாசலில், கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகை. அதைக் கேட்க மாட்டேன் என்று ஒரு படிவத்தில் கையெழுத்தும் வாங்கினார்கள். எனக்கு அதுவல்ல, இருக்கிறதா என்று தெரிந்தால் போதும்.

ஆறாவது, ஏழாவது வாரத்தில் வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியாதாம். அதனால் விரல் பருமன் உள்ள ஒரு கருவியை உறை போட்டு உள்ளே செலுத்திப் பார்க்கிறார்கள். வலிக்காது, கூச்சம்தான். இதைப் படிக்கிற யாருக்காவது அந்தக் கருவியைப் பார்த்துப் பயம் வந்தால், அதற்குப் பயப்பட வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பயப்பட வேண்டியது வேறு.

டாக்டரம்மா மணியையும் உள்ளே கூப்பிட்டு, திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

“மூணு விஷயம் பார்க்கிறேன். ஒண்ணு, துடிப்பு. இந்த அளவு இருக்கிற கருவுக்கு நிமிஷத்துக்கு நூறுக்கு மேல இருக்கணும். இதுக்கு எழுபத்தெட்டுதான் இருக்கு. ரெண்டாவது, அதைச் சுத்தி இருக்கிற நீர்ப்பை. குழந்தைக்கு இடம் தாராளமா இருக்கணும், இங்க இறுக்கமா இருக்கு. மூணாவது இந்த வட்டம். நஞ்சுக்கொடி உருவாகுற வரைக்கும் கருவுக்குச் சாப்பாடு கொடுக்கிற சின்னப் பை இது. இது இருக்க வேண்டியதைவிட வீங்கி இருக்கு.”

“அப்படீன்னா என்னங்க அர்த்தம்?” என்றார் மணி.

“ஒண்ணு மட்டும் இருந்தா காத்திருந்து பார்க்கலாம்னு தைரியமா சொல்லுவேன். மூணும் சேர்ந்து வந்திருக்கு. இது நிக்கிறதுக்கு வாய்ப்பு ரொம்பக் குறைவும்மா.”

“நிக்கவே நிக்காதுங்களா?” என்று கேட்டேன்.

“இன்னிக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். துடிப்பு இருக்கு. பத்து நாள் கழிச்சு வாங்க. அதுக்குள்ள இரத்தப்போக்கு, வலி எதுனா இருந்தா உடனே வந்துடுங்க.”

“மருந்து ஏதாச்சும்?”

“சத்து மாத்திரை சாப்பிடுங்க. இந்தத் துடிப்பை வேகப்படுத்துற மருந்து எங்கிட்ட இல்ல. யாருகிட்டயும் இல்ல.”

கடைசியாக நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். “தினமும் பஸ்ல மலைக்குப் போறேனுங்க. எழுபது வளைவு. அதனாலயா?”

அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். “நீங்க பஸ்ல போனாலும் கட்டில்ல படுத்திருந்தாலும் இது இப்படித்தாம்மா இருந்திருக்கும்.”

வெளியே வந்து வண்டியை எடுக்காமல் மணி நின்றுகொண்டே இருந்தார். “சொல்லாமயே இருந்திருக்கலாமே? அவிய கையில மருந்தும் இல்ல, ஒன்னும் இல்ல. அப்புறம் எதுக்குச் சொல்லோணும்? பத்து நாளாச்சும் நாம சந்தோசமா இருந்திருப்பமல்ல?”

 வீட்டில் மாமனார் மாமியாரிடம் இதைச் சொல்வதில்லை என்று மட்டும் முடிவு செய்தோம். குழந்தை நன்றாக இருக்கிறது, பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள் என்றோம். சொன்னதில் பாதி உண்மைதான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அத்தை என்னை ஒரு செம்பு தண்ணீர் தூக்க விடவில்லை. கட்டிலில் உட்கார வைத்துப் பச்சைப்பயறு கஞ்சி கொடுத்தார். தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டார். “ரெண்டு பேருக்குச் சாப்பிடோணும் சாமி” என்று சொல்லும்போதெல்லாம் நான் தட்டைப் பார்த்துக்கொண்டேன். ஒருமுறை யாரும் இல்லாதபோது என் கைநாடியைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். எண்பது வந்தது. என் துடிப்பும் அதன் துடிப்பும் கிட்டத்தட்ட ஒரே வேகம். எனக்குச் சரியாக இருப்பது அதற்குப் போதவில்லை. திங்கட்கிழமை வரை பத்துப் பன்னிரண்டு தடவையாவது அப்படி எண்ணியிருப்பேன்.

திங்கட்கிழமை பஸ் ஏறினேன். அதற்கு வீட்டில் பெரிய பேச்சு நடந்தது. மாமனார் செருப்பைக்கூட மாட்டாமல் வாசலுக்கு வந்து, “ஒரு மாசம் லீவு போட்டா அரசாங்கம் கவுந்துருமா?” என்றார். எனக்கு வீட்டில் இருக்க முடியவில்லை. பஸ்ஸிலாவது மரவள்ளிக் கிழங்கு விலை பேசுகிற சத்தம் இருக்கும், வகுப்பில் பின்னக் கணக்கு இருக்கும். அதோடு, நான் போவதாலோ இருப்பதாலோ அது மாறாது என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதை நம்பிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. ஆனாலும் ஒவ்வொரு வளைவிலும் முன் இருக்கைக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பை அசையாமல் வைத்திருந்தேன். நம்புவது அவ்வளவு எளிதாக இல்லை.

பள்ளியில் ராணி டீச்சரிடம் மட்டும் சொன்னேன். மலையிலேயே பிறந்தவர், தேவனூர் நாட்டுக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. “அது இன்னும் உசுரோடத்தானே இருக்குது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அப்ப இன்னைக்கு இருக்குதுன்னு இருங்க டீச்சர்” என்றார். அன்றிலிருந்து என் கடைசி வகுப்பை அவரே எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம், கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தபோது முதுகில் வலி தொடங்கியது. கழிப்பறைக்குப் போனேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. போன முறை மாதிரி அலறவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, ‘சொன்னாங்களே’ என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைக்க முடிந்தது.

ராணி டீச்சரின் கணவருடைய ஜீப்பில் மலையிலேயே இருந்த அரசு மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸ் ரத்த அழுத்தம் பார்த்து, குளுக்கோஸ் ஏற்றி, ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். என் கால்களின் மேல் கம்பளியைப் போர்த்தி, “பயப்படாதீங்க டீச்சர், என்ற பொண்ணு உங்ககிட்டத்தான் படிக்குது” என்றார். எந்தப் பெண் என்று கேட்கத் தோன்றவில்லை.

ஆம்புலன்ஸில் ராணி டீச்சர் கூடவே வந்தார். படுத்தபடி மலை இறங்குவது அதுதான் முதல் தடவை. வளைவு வருவது கண்ணுக்குத் தெரியாது, உடம்பு ஒருபக்கம் சரிகிறபோதுதான் தெரியும். “இன்னும் எத்தனை?” என்று ஒருமுறை கேட்டேன். ராணி டீச்சர் வெளியே எட்டிப் பார்த்து, பலகையில் எழுதியிருந்த எண்ணைச் சொன்னார். அப்புறம் நான் கேட்காமலே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். காரவள்ளியில் மணியும் அத்தையும் மாமனாரும் ரோட்டோரம் நின்றிருந்தார்கள். அத்தை ஆம்புலன்ஸில் ஏறி என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.  அவர் முகத்தைப் பார்க்கவும் எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் மலை, மறுபடியும் வளைவு என்றுதான் அவர் நினைத்திருப்பார்.

நாமக்கல்லில் அதே அறை, அதே கருவி. இந்த முறை அத்தையும் உள்ளே வந்துவிட்டார், யாரும் தடுக்கவில்லை. திரையில் கறுப்புக் குழி இருந்தது. வெள்ளைத் தீற்றும் இருந்தது. மினுக்கம் இல்லை.

டாக்டரம்மா ஒரு நிமிடத்துக்கு மேல் அசையாமல் பார்த்தார். “துடிப்பு நின்னுடுச்சும்மா” என்றார். என் கையைப் பிடித்தார்.

அத்தை சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். “நாங்க சொன்னமுங்க. பஸ்ல போகாதேன்னு அத்தனை சொன்னமுங்க.”

டாக்டரம்மா அத்தையின் பக்கம் திரும்பினார். “அம்மா, இங்க வாங்க. இதைப் பாருங்க. போன வெள்ளிக்கிழமை இது அஞ்சு மில்லிமீட்டர் இருந்துச்சு. இந்த வயசுல கரு ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும். இன்னிக்கு பதினொண்ணு இருக்கணும். ஏழுதான் இருக்கு.”

“அப்படீன்னா?”

“வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் ரெண்டு நாள்தான் வளர்ந்திருக்கு. சனி, ஞாயிறு வாக்குல நின்னுபோயிருக்கும். அப்ப உங்க மருமக எங்க இருந்தாங்க?”

அத்தை முந்தானையை வாயிலிருந்து எடுத்தார். “ஊட்லதானுங்க இருந்துச்சு” என்றார். “நாந்தான் கஞ்சி காச்சிக் குடுத்தேன்.”

“இரத்தம் இன்னிக்கு வந்ததால இன்னிக்குத்தான் போச்சுன்னு தோணும். அப்படி இல்லம்மா. போன வாரமே துடிப்பு குறைவா இருந்துச்சு, நிக்கிறது கஷ்டம்னு இவங்க ரெண்டு பேருகிட்டயும் சொல்லித்தான் அனுப்பினேன்.”

அத்தை என்னைப் பார்த்தார். “தெரிஞ்சேவா கஞ்சி குடிச்ச சாமி?” என்றார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குமேல் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை.

அன்று சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வழி இருப்பதாகச் சொன்னார் டாக்டரம்மா. தானாக வெளியேறட்டும் என்று காத்திருப்பது, மாத்திரை வைத்து வெளியேற வைப்பது, மயக்கம் கொடுத்துச் சிறு குழாயால் உறிஞ்சி எடுப்பது. ஏற்கெனவே இரத்தம் போகத் தொடங்கிவிட்டதால் மாத்திரை வைத்தார்கள். மறுநாள் காலையில் வலி வந்தது. மாதவிலக்கு வலி மாதிரி இருக்கும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அப்படி இல்லை. இடுப்பில் கயிறு கட்டி இருபுறமும் இழுப்பதுபோல விட்டுவிட்டு வரும். அத்தை என் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். பதினொரு மணிக்கு மேல் முடிந்தது. நர்ஸ் ஒரு தட்டில் துணி போட்டு மூடி எடுத்துப்போனார். “பாக்கோணுமா?” என்று அத்தை மெதுவாகக் கேட்டார். வேண்டாம் என்றேன். அது உயிரோடு இருந்தபோதே பார்த்துவிட்டேன், அந்த உருவமே போதும். கொஞ்சம் உள்ளே தங்கியிருந்ததை மதியம் மயக்கம் கொடுத்து எடுத்தார்கள்.

பக்கத்து அறையில் பிரசவமான ஒரு பெண். குழந்தை அழும்போதெல்லாம் என் மார்பு கனத்தது. நர்ஸ் எதுவும் கேட்காமல் என்னைக் கடைசி அறைக்கு மாற்றிவிட்டார். அங்கே ஜன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியும் வேப்பமரமும் மட்டும் இருந்தன. இந்த உதவிக்கு நான் அவருக்கு நன்றிகூடச் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை டாக்டரம்மா பார்க்க வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம், இரண்டு தடவை ஆகிவிட்டதால் அடுத்ததற்கு முன்னால் இருவருக்கும் சில பரிசோதனைகள் செய்துகொள்ளலாம் என்றார். அவர் கிளம்பும்போது அத்தை எழுந்து நின்றார்.

“டாக்டரம்மா, ஒன்னு கேக்கலாமுங்களா?”

“சொல்லுங்கம்மா.”

“மணி பொறக்கறதுக்கு முந்தி எனக்கு ஒன்னு மூணாம் மாசத்துல போச்சுங்க. விதைக்கடலை மூட்டை எறக்கப் பரண்ல ஏறுனேன். மக்யாநாளு விடிஞ்சதும் போயிருச்சு. பரண் ஏறி நானே கொன்னுபோட்டேன்னு என்ற மாமியா ஊரெல்லாம் சொல்லுச்சுங்க. நானும் அப்படித்தான் இத்தனை வருசமா...” நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினார். “அன்னைக்கு இந்த மெசினு இருந்திருந்தா, எனக்கும் முன்னாடியே சொல்லியிருப்பீங்களா?”

டாக்டரம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். “உங்களுக்கு அப்ப என்ன ஆச்சுன்னு இப்ப என்னால பார்த்துச் சொல்ல முடியாதும்மா. ஆனா மூணு மாசத்துக்குள்ள தானா கலையுறதுல பெரும்பாலும், கரு உண்டாகும்போதே அதுல கோளாறு இருக்கும். பரண் ஏறினா, மூட்டை தூக்கினா, பஸ்ல போனா நல்ல கரு கலையாது. நீங்க கொல்லலைம்மா.”

அத்தை கதவுப் பக்கம் திரும்பினார். பிறகு, “இதை வெளிய இருக்கற எங்க ஊட்டுக்காரர்கிட்ட ஒருதாட்டி சொல்லுவீங்களா?” என்றார்.

மாமனார் வெளியே இரும்பு நாற்காலியில், பிளாஸ்க் இருந்த வயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கதவு திறந்திருந்ததால் எனக்குத் தெரிந்தது. டாக்டரம்மா வந்ததும் எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். அவர் சொன்னதையெல்லாம் நின்றபடியே கேட்டார்.

“சரிங்க” என்றார். பிறகு, “நான் ஒன்னும் சொல்லலீங்களே அப்ப. எங்கம்மாதான்...”

“ஆமாங்க” என்றார் அத்தை, அறையின் உள்ளே நின்றபடி. “நீங்க ஒன்னுமே சொல்லலீங்க. மூணு மாசம் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலீங்க.”

மாமனார் உட்கார்ந்துவிட்டார். கூடை கீழே சாய்ந்ததை அவர் கவனிக்கவில்லை, மணிதான் எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

முன்கூட்டியே தெரிந்ததால் என்ன பயன் என்று மணி இன்னும் கேட்கிறார். தெரியாமல் இருந்திருந்தால் அந்த ஆறு நாள் சந்தோஷமாக இருந்திருக்கும் என்பதில் அவர் மாறவில்லை. அவரைத் தவறென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆறு நாளில் நான் ஒருவேளைகூட ருசித்துச் சாப்பிடவில்லை. தெரிந்ததால் அது பிழைக்கவில்லை. ஆனால் முதல் குழந்தை போன பிறகு ஒரு வருடம் தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து என்னையே திட்டிக்கொண்டு போனேனே, அது இப்போது இல்லை. துக்கம் மட்டும்தான் இருக்கிறது. துக்கம் தனியாக இருந்தால் தாங்க முடிகிறது.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் சாயங்காலம். நான் உள்ளறையில் படுத்திருந்தேன். அத்தை கூடத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மாமனார் தோட்டத்திலிருந்து வந்து கைகால் கழுவி, எதிரே உட்கார்ந்த சத்தம் கேட்டது. 

“ஏம்புள்ள, அது எந்த மாசம்?” என்றார்.

“எதுங்க?”

“அதான். அன்னைக்குப் போனது.”

கீரை ஒடிக்கும் சத்தம் நின்றது. “மாசி. சிவராத்திரி கழிஞ்சு ரெண்டாம் நாளு.”

“நான் ஊட்டுல இருந்தனா?”

“இருந்தீங்க. கட்டில்ல படுத்திருந்தீங்க.”

அவர் தொண்டையைச் செருமினார்.   “நானில்ல ஏறி எறக்கியிருக்கோணும் அந்த மூட்டைய. உன்னைய ஏத்திட்டுப் படுத்திருந்தேனே.”

“ஏறுனதுக்கும் போனதுக்கும் சம்பந்தம் இல்லீங்க” என்றார் அத்தை.

அதைச் சொன்னபோது அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது. பிறகு அவர் அழத் தொடங்கினார். நான் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீரையைத் தள்ளி வைத்துவிட்டு என்னை மடியில் சாய்த்துக்கொண்டார். இரண்டு பேரும் அழுதோம், அவரவர் குழந்தைக்காக.